புளூஸ் ராக் கருவியிசை ஒலிக்கலவை

புளூஸ் ராக் கருவியிசை ஒலிக்கலவை என்பது, குரலின்றி இசைக்கருவிகளால் மட்டும் அமைந்த புளூஸ் ராக் இசையைத் தனித்தனித் தடங்களாகப் பதிந்தபின், அத்தடங்களை இணைத்து ஒரே ஆக்கமாக்கும் பணியாகும். கலவை முடிந்த ஆக்கத்தை வெளியீட்டுக்கு ஏற்றதாகச் செப்பம் செய்யும் இறுதிக் கட்டம் மாஸ்டரிங் எனப்படும். தொழில்முறைக் கலையகங்களில் மட்டுமே நிகழ்ந்த இவ்விரு பணிகளும், கணினி வழி ஒலிப்பதிவு பரவிய பின்னர் வீடுகளிலும் மேற்கொள்ளப்படுகின்றன.

வீட்டில் பதியப்படும் இவ்வகை இசை பெரும்பாலும் மெலிந்தோ கலங்கியோ ஒலிக்கும். குரல் இல்லாததால் ஏற்படும் வெற்றிடத்தை நிரப்ப மேலும் பல கிட்டார்த் தடங்களைச் சேர்ப்பதும், ஒலியளவைக் கூட்டுவதும் தொடக்கநிலைக் கலைஞர்களின் வழக்கம். எனினும் நிறைவான ஒலி என்பது தடங்களின் எண்ணிக்கையைவிட, இருக்கும் ஒவ்வொரு கருவிக்கும் உரிய இடம் கிடைப்பதையே பெரிதும் சார்ந்துள்ளது.

பின்னணி

புளூஸ் ராக் கருவியிசையின் முன்னோடிகளுள் ஒன்று பிரெடி கிங் 1960 ஆம் ஆண்டு சின்சினாட்டி நகரில் பதிவு செய்து 1961 இல் வெளியான "ஹைட் அவே" ஆகும். இது அமெரிக்க ரிதம் அண்ட் புளூஸ் தரவரிசையில் 5 ஆவது இடத்தையும் பாப் தரவரிசையில் 29 ஆவது இடத்தையும் எட்டியது. ஜான் மேயாலின் புளூஸ்பிரேக்கர்ஸ் குழுவில் இருந்த எரிக் கிளாப்டன் இதனை மீண்டும் வாசிக்க, அப்பதிவு 1966 இல் வெளிவந்த தொகுப்பில் இடம்பெற்றது. லண்டனின் டெக்கா கலையகத்தில் நடந்த அப்பதிவில், மேடையில் வாசிக்கும் அதே உரப்பிலேயே வாசிப்பதில் கிளாப்டன் உறுதியாக இருந்தார். மார்ஷல் ஆம்ப்ளிஃபையரின் உரத்த ஒலி அறை முழுவதும் பரவி, பிற கருவிகளுக்கான ஒலிவாங்கிகளிலும் கசிந்தது. அன்றைய பொறியியல் முறைப்படி குறையாகக் கருதத்தக்க இக்கசிவே அத்தொகுப்பின் அடர்ந்த ஒலிக்கு ஒரு காரணமாயிற்று.

புக்கர் டி அண்ட் தி எம்.ஜி.ஸ் குழுவின் "கிரீன் ஆனியன்ஸ்" (1962), பிளீட்வுட் மாக் குழுவின் "அல்பட்ராஸ்" (1968), ஸ்டீவி ரே வாகனின் "ரூட் மூட்", "லெனி" (1983) ஆகியவை இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் பிற ஆக்கங்கள். ஸ்டீவி ரே வாகனின் இவ்விரு ஆக்கங்களும் கிட்டார், பேஸ் கிட்டார், டிரம்ஸ் என்னும் மூன்று கருவிகளை அடிப்படையாகக் கொண்டவை. கருவிகள் குறைவாக இருந்தும் இவை வெறுமையாக ஒலிப்பதில்லை.

வீட்டு ஒலிப்பதிவின் வரலாறும் கிட்டார்க் கலைஞர்களுடன் நெருங்கிய தொடர்புடையது. லெஸ் பால் ஹாலிவுட்டில் இருந்த தம் வீட்டு வாகனக் கொட்டகையில், இசைத்தட்டுகளில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்து உருவாக்கிய "லவர்" 1948 இல் வெளியானது. 1976 இல் வெளிவந்த பாஸ்டன் குழுவின் முதல் தொகுப்பின் பெரும்பகுதியை டாம் ஷோல்ஸ் தம் வீட்டு நிலவறையில் பதிவு செய்தார். 1979 இல் அறிமுகமான டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ 144, சாதாரண ஒலிநாடாப் பேழையில் நான்கு தடங்களைப் பதியும் வசதியைத் தந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் "நெப்ராஸ்கா" (1982) இக்கருவியில் வீட்டிலேயே பதியப்பட்டது. அந்த ஒலிநாடாவை இசைத்தட்டுக்கு மாற்றுவது மாஸ்டரிங் பொறியாளர்களுக்குக் கடினமான பணியாக இருந்தது. 2000 ஆம் ஆண்டில் வெளியான ஆடாசிட்டி போன்ற கட்டற்ற மென்பொருள்கள் பலதட ஒலிப்பதிவை எவரும் செலவின்றிச் செய்யத்தக்கதாக்கின.

பதிவு நிலையில் தோன்றும் குறைகள்

கலவையில் தென்படும் பல குறைகள் பதிவின்போதே தோன்றியவை. அவற்றைப் பின்னர் முழுமையாக நீக்க இயலாது.

அறையின் ஒத்ததிர்வு

ஒன்றுக்கொன்று இணையான இரு சுவர்களுக்கிடையே, அவற்றின் இடைவெளிக்கு ஏற்ற அதிர்வெண்ணில் நிலையலை உருவாகிறது. காற்றில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர். எனவே 3.5 மீட்டர் நீளமுள்ள அறையில் முதல் ஒத்ததிர்வு ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸில் அமையும். இது பேஸ் கிட்டாரின் தடித்த கம்பியில் மூன்றாம் கட்டையில் ஒலிக்கும் ஜி சுரத்தின் அதிர்வெண்ணாகும். இத்தகைய அறையில் சுவரோரம் அமர்ந்து கேட்பவருக்கு அந்த ஒரு சுரம் மட்டும் முழங்கும். நடுவில் அமர்ந்தவருக்கு அதே சுரம் ஏறக்குறைய மறைந்துவிடும். முன்னவர் பேஸைத் தேவைக்கு மேல் குறைப்பார், பின்னவர் தேவைக்கு மேல் கூட்டுவார். வேறிடத்தில் கேட்கும்போது இருவரின் கலவையும் பிழையாகவே ஒலிக்கும். புத்தக அலமாரி, தடித்த மெத்தை, கனிமப் பஞ்சுப் பலகை முதலியன சுவர்களின் தெறிப்பைத் தணிக்கின்றன. ஆனால் மெல்லிய நுரைத்தாள்கள் உயர் அதிர்வெண்களை மட்டுமே உறிஞ்சுகின்றன. பேஸ் ஒலியில் அவற்றால் பயன் மிகக் குறைவு.

அலைக் கட்ட முரண்பாடு

ஒரே ஒலியை இரு வழிகளில் பதியும்போது இரண்டும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்ந்தால், சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். எடுத்துக்காட்டாக, பேஸ் கிட்டாரின் நேரடி மின்குறிப்பையும், ஆம்ப்ளிஃபையருக்கு 1 மீட்டர் தொலைவில் வைத்த ஒலிவாங்கியின் குறிப்பையும் சேர்த்துக் கலப்பதாகக் கொள்வோம். ஒலிவாங்கியின் குறிப்பு ஏறத்தாழ 2.9 மில்லிநொடி பிந்தி வரும். இதனால் 172 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி அழிந்து பேஸின் உடல் மெலியும். இக்குறையை ஈக்வலைசரால் சரிசெய்ய முயல்வது பயன் தராது. பிந்திய தடத்தை 2.9 மில்லிநொடி முன்னே நகர்த்தினால் மெலிவு நீங்கும். மெலிந்து ஒலிக்கும் வீட்டுப் பதிவுகளில் முதலில் சோதிக்கப்பட வேண்டியது இதுவேயாகும்.

மிகைத் திரிபு

தனியே வாசிக்கும்போது கவரும் அளவுக்கு ஆம்ப்ளிஃபையரின் திரிபு கூட்டப்பட்டிருந்தால், கலவையில் கிட்டாரின் தாக்கம் குறைந்து இரைச்சல் போன்ற பரப்பாகிவிடும். திரிபு தன்னியல்பாகவே ஒலியின் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்வதே இதற்குக் காரணம். விரல் அழுத்தத்துக்கு ஏற்ப ஒலி மாறுவது புளூஸ் வாசிப்பின் உயிர்நாடி. ஆகவே பதிவில் வழக்கத்தைவிடக் குறைந்த திரிபே விரும்பப்படுகிறது.

ஒலிக்கலவை

ஒலியளவுச் சமநிலை

எந்த விளைவுக்கருவியையும் பயன்படுத்துவதற்கு முன் தடங்களின் ஒலியளவுகள் மட்டும் ஒழுங்கு செய்யப்படுகின்றன. டிரம்ஸும் பேஸும் முதலிலும், தாளக் கிட்டார் அடுத்தும், முதன்மைக் கிட்டார் இறுதியிலும் சேர்க்கப்படுவது ஒரு பரவலான முறை. முதலில் மோனோவில் சமநிலை கண்டபின் ஸ்டீரியோவில் பரப்புவோரும் உளர். அனைத்தும் நடுவில் குவியும்போது கருவிகளின் மோதல் தெளிவாகக் கேட்கும் என்பதால் இம்முறை பயனுள்ளதாகிறது.

அதிர்வெண் பங்கீடு

பேஸ் கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த கம்பி 41 ஹெர்ட்ஸிலும், கிட்டாரின் மிகத் தாழ்ந்த திறந்த கம்பி 82 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. கிட்டார், பேஸ், டிரம்ஸ் ஆகிய மூன்றும் 100 முதல் 500 ஹெர்ட்ஸ் வரையுள்ள பகுதியில் ஒன்றோடொன்று மோதுகின்றன. வீட்டுப் பதிவுகளின் கலங்கல் பெரும்பாலும் இப்பகுதியில் தோன்றுவதாகும். வழக்கமான பங்கீடு பின்வருமாறு:

- 40 – 100 ஹெர்ட்ஸ்: கிக் டிரம், பேஸ் கிட்டார். இவற்றுள் ஒன்று 60 ஹெர்ட்ஸ் அருகே ஓங்கினால் மற்றது 90 ஹெர்ட்ஸ் அருகே ஓங்கவிடப்படுகிறது.
- 100 – 250 ஹெர்ட்ஸ்: பேஸின் உடல், ஸ்நேர் டிரம்மின் கனம், கிட்டாரின் வெதுவெதுப்பு.
- 250 – 500 ஹெர்ட்ஸ்: கலங்கல் மிகும் பகுதி. தாளக் கிட்டாரில் இங்கே 2 முதல் 3 டெசிபெல் குறைப்பது வழக்கம்.
- 500 – 2000 ஹெர்ட்ஸ்: கிட்டாரின் தனிக்குரல் அமையும் பகுதி.
- 2000 – 5000 ஹெர்ட்ஸ்: தெளிவும் தாக்கமும். மிகுந்தால் காதைக் குத்தும்.
- 8000 ஹெர்ட்ஸுக்கு மேல்: சிம்பல்களின் மினுமினுப்பு. கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் ஒலிபெருக்கிகள் 5000 ஹெர்ட்ஸுக்கு மேல் விரைந்து தணிவதால், கிட்டாரில் இப்பகுதியைக் கூட்டினால் இரைச்சலே மிகும்.

கிட்டாரில் ஏறத்தாழ 80 முதல் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளவற்றை வடிகட்டினால், தனியே கேட்கையில் அது மெலிந்ததாகத் தோன்றும். பேஸுடன் சேர்த்துக் கேட்கையில் இரண்டும் சேர்ந்து ஒரே பெரிய கருவி போல ஒலிக்கும். ஒரு தடத்தைத் தனியே ஒலிக்கவிட்டுச் செப்பம் செய்வதைத் தவிர்க்குமாறு கூறப்படுவது இதனாலேயே. ஸ்டீவி ரே வாகன் பயன்படுத்திய டியூப் ஸ்கிரீமர் மிதிகருவி, தாழ் அதிர்வெண்களைக் குறைத்து 700 ஹெர்ட்ஸ் அருகிலுள்ள நடுப்பகுதியை முன்னிறுத்தும் தன்மையது. அவரது கிட்டார் பேஸுக்கு இடம் விட்டு முன்னே நிற்பதற்கு இதுவும் துணைபுரிந்தது.

பேஸும் சிறிய ஒலிபெருக்கிகளும்

கைபேசி போன்ற சிறிய ஒலிபெருக்கிகளால் 41 ஹெர்ட்ஸை எழுப்ப இயலாது. ஆனால் அச்சுரத்தின் மேற்சுரங்களான 82, 123, 165 ஹெர்ட்ஸும் அவற்றுக்கு மேற்பட்டவையும் போதிய அளவில் இருந்தால், கேட்பவரின் மூளை விடுபட்ட அடிப்படைச் சுரத்தைத் தானே உணர்ந்துகொள்ளும். எனவே பேஸ் தடத்தின் படியொன்றில் மிதமான திரிபைச் சேர்த்து, அதனை மூலத்தோடு சிறிதளவு கலப்பர். இதனால் ஒலியளவைக் கூட்டாமலேயே பேஸ் எங்கும் கேட்கத்தக்கதாகிறது.

ஏற்ற இறக்கக் கட்டுப்பாடு

கம்ப்ரசர் ஒலியின் உச்சங்களைத் தணித்து, உரத்த பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கிறது. பேஸ் கிட்டாரில் 4:1 விகிதமும் நடுத்தரத் தொடக்க நேரமும் பரவலாகப் பயன்படுகின்றன. டிரம்ஸில் இணைக் கம்ப்ரஷன் என்னும் முறை சிறப்பாகப் பயன்படுகிறது. இதில் டிரம்ஸின் படியொன்று மிகக் கடுமையாக அமுக்கப்பட்டு, மூலத்தின் கீழ் மெல்லக் கலக்கப்படுகிறது. அடிகளின் கூர்மை மூலத்திலிருந்தும், அறையின் நிறைவு அமுக்கப்பட்ட படியிலிருந்தும் கிடைக்கின்றன.

அகலம்

ஒரே கிட்டார்த் தடத்தைப் படியெடுத்து இடமும் வலமும் வைப்பதால் அகலம் உண்டாவதில்லை. இரண்டும் ஒன்றேயாதலால் ஒலி நடுவிலேயே நிற்கும், அளவு மட்டும் கூடும். அதே பகுதியை மீண்டும் ஒருமுறை வாசித்துப் பதிந்தால், நேரத்திலும் சுருதியிலும் இயல்பாக நேரும் நுண்ணிய வேறுபாடுகள் அகலத்தைத் தருகின்றன. வேறொரு கிட்டாரிலோ வேறு நிலைகளில் அமைந்த கார்டுகளிலோ இரண்டாம் பதிவை வாசிப்பது இன்னும் சிறந்தது.

ஒரு பக்கத்தை 10 முதல் 30 மில்லிநொடி தாமதித்து அகலம் ஏற்படுத்தும் முறையும் உண்டு. இது ஹெல்முட் ஹாஸ் 1949 இல் ஆராய்ந்த, முந்தி வரும் ஒலியின் திசையையே காது ஏற்கும் என்னும் விளைவை அடிப்படையாகக் கொண்டது. ஆனால் மோனோவில் ஒலிக்கும்போது மேற்கூறிய அலைக் கட்ட முரண்பாடு தோன்றுவதால் இம்முறை கவனத்துடன் கையாளப்பட வேண்டும். பேஸ், கிக், ஸ்நேர், முதன்மைக் கிட்டார் ஆகியன பொதுவாக நடுவில் வைக்கப்படுகின்றன.

ஆழம்

ரிவெர்ப், டிலே ஆகியவை கருவிகளை அருகிலும் தொலைவிலும் நிறுத்துகின்றன. வீட்டில் ஒவ்வொரு கருவியும் தனித்தனி நேரத்தில் பதியப்படுவதால், அவை ஒரே இடத்தில் வாசிக்கப்பட்டன என்னும் உணர்வு இருப்பதில்லை. எல்லாத் தடங்களையும் சிறிய அறையைப் போன்ற ஒரே ரிவெர்ப்புக்குக் குறைந்த அளவில் அனுப்புவது இக்குறையைத் தீர்க்கிறது. 1966 ஆம் ஆண்டுப் பதிவில் ஒலிக்கசிவு இயற்கையாகத் தந்த ஒட்டுறவை இது ஓரளவு ஈடுசெய்கிறது எனலாம். ரிவெர்ப்பின் தாழ் அதிர்வெண்களை வடிகட்டாவிட்டால் கலங்கல் மீண்டும் தோன்றும்.

டிலேயின் கால அளவு தாளவேகத்தோடு பொருத்தப்படுகிறது. 60,000 ஐ நிமிடத்துக்கான அடிகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் அடியின் மில்லிநொடி அளவு கிடைக்கும். நிமிடத்துக்கு 120 அடிகள் எனில் அது 500 மில்லிநொடி ஆகும்.

முதன்மைக் கிட்டாரின் பங்கு

கருவியிசையில் முதன்மைக் கிட்டார் பாடகரின் இடத்தை வகிக்கிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடங்களில் கிட்டார் மறுமொழி சொல்வது புளூஸ் மரபு. குரல் இல்லாதபோது அம்மறுமொழியைத் தாளக் கிட்டார், ஆர்கன் அல்லது டிரம்ஸ் தர வேண்டியுள்ளது. முதன்மைக் கிட்டார் இடைவிடாது ஒலிக்கும் ஆக்கத்தில் மறுமொழிக்கு இடமிராது. அத்தகைய ஆக்கம் எத்தனை தடங்கள் இருப்பினும் சலிப்பூட்டும்.

பன்னிரு பார் சுற்று பல முறை திரும்ப வருவதும் மற்றொரு சிக்கல். "ஹைட் அவே"யில் சுற்றுக்குச் சுற்று புதிய இசைத்துணுக்கு வருகிறது. ஒலிக்கலவையிலும் இம்முறை பின்பற்றப்படுகிறது. முதற் சுற்றில் ஒரு தாளக் கிட்டார் மட்டும் ஒலிக்க, பின்வரும் சுற்றொன்றில் இரண்டாவது கிட்டாரைச் சேர்ப்பதும், இறுதிச் சுற்றுக்கு முன் பேஸையும் டிரம்ஸையும் மட்டும் விட்டுவைப்பதும் எடுத்துக்காட்டுகள். மெலிந்த பகுதி ஒன்று முன்னே இருந்தால்தான் பின்வருவது நிறைவாகத் தோன்றும். ஒவ்வொரு சொற்றொடருக்கும் முதன்மைக் கிட்டாரின் அளவை 1 அல்லது 2 டெசிபெல் கையால் ஏற்றி இறக்குவது, கம்ப்ரசரால் சமன் செய்வதைவிட வாசிப்பின் இயல்பைக் காக்கும்.

மாஸ்டரிங்

மாஸ்டரிங்குக்கு அனுப்பப்படும் கலவையின் உச்சங்கள் முழு அளவுக்குக் கீழே ஏறத்தாழ 6 டெசிபெல் இடைவெளியுடன், 24 பிட் கோப்பாக வைக்கப்படுவது வழக்கம். இக்கட்டத்தில் செய்யப்படும் மாற்றங்கள் சிறியவை. ஈக்வலைசரில் 1 முதல் 2 டெசிபெல் அளவிலான அகன்ற மாற்றங்களும், 1.5:1 அல்லது 2:1 விகிதக் கம்ப்ரஷனும் போதுமானவை. ஓர் அதிர்வெண் பகுதியில் 4 டெசிபெல்லுக்கு மேல் மாற்றம் தேவைப்பட்டால், மீண்டும் ஒலிக்கலவைக்குத் திரும்பி உரிய தடத்தைத் திருத்துவதே முறை.

இறுதியில் லிமிட்டர் சேர்க்கப்பட்டு உச்ச எல்லை -1 டெசிபெல் அளவில் வைக்கப்படுகிறது. எம்பி3 போன்ற இழப்புள்ள கோப்புகளாக மாற்றும்போது உச்சங்கள் சற்று உயரக்கூடும் என்பதால் இந்த இடைவெளி விடப்படுகிறது. குறுந்தகடுக்கு 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் அளவுக்கு மாற்றுகையில் டித்தர் எனப்படும் நுண்ணிரைச்சல் சேர்க்கப்படுகிறது. இது மெல்ல மறையும் ஒலிகளில் தோன்றும் திரிபைத் தடுக்கிறது.

ஒலியுரப்புப் போட்டி

உரத்த ஒலி முதற்கேட்பில் சிறந்ததாகத் தோன்றும் என்பதால், 1990களில் இருந்து இசைத்தொகுப்புகளின் சராசரி ஒலியளவைக் கூட்டும் போட்டி வலுத்தது. 2008 இல் வெளியான மெட்டாலிகா குழுவின் "டெத் மாக்னெட்டிக்" தொகுப்பு, உச்சங்கள் நசுக்கப்பட்டதற்காக ரசிகர்களால் வெளிப்படையாகக் குறை கூறப்பட்டது. அதே பாடல்கள் ஒரு நிகழ்பட விளையாட்டில் ஏற்ற இறக்கங்களுடன் வெளிவந்திருந்ததால் வேறுபாட்டை எவரும் ஒப்பிட்டுக் கேட்க முடிந்தது.

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2006 இல் உணரப்படும் ஒலியுரப்பை அளக்கும் முறையை வரையறுத்தது. அதனை அடியொற்றி ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010 இல் ஆர் 128 பரிந்துரையை வெளியிட்டது. இணைய இசைச் சேவைகள் பலவும் பின்னர் எல்லாப் பாடல்களையும் ஒரே உரப்புக்குக் கொண்டுவரத் தொடங்கின. ஸ்பாட்டிஃபையின் இயல்பான அளவு -14 எல்.யு.எஃப்.எஸ். ஆகும். -8 அளவில் நசுக்கி அனுப்பப்பட்ட ஆக்கம் அங்கே 6 டெசிபெல் குறைக்கப்பட்டே ஒலிக்கும். உரப்பில் கிட்டிய நன்மை போய்விட, இழந்த ஏற்ற இறக்கங்கள் மட்டும் திரும்புவதில்லை. கிட்டார் ஒலி மெல்லத் தொடங்கி வெடித்தெழுவதையே பொருளாகக் கொண்ட புளூஸ் ராக்கில் இவ்விழப்பு பெரியது.

சரிபார்த்தல்

- ஆர்வி பிளெட்சர், வைல்டன் மன்சன் ஆகியோர் 1933 இல் வெளியிட்ட ஆய்வின்படி, குறைந்த ஒலியளவில் மனிதச் செவி தாழ் அதிர்வெண்களைக் குறைவாகவே உணர்கிறது. எனவே இரவில் மெல்லிய ஒலியில் செய்த கலவையில் பேஸ் மிகுந்துவிடக்கூடும். ஒரே நிலையான, மிதமான அளவில் கேட்பது நன்று.
- மோனோவில் கேட்கும்போது எந்தக் கருவியாவது மறைந்தால் அலைக் கட்ட முரண்பாடு உள்ளது எனக் கொள்ளலாம்.
- அதே வகையைச் சேர்ந்த, நன்கு அறிந்த ஓர் ஆக்கத்துடன் ஒப்பிடும்போது இரண்டின் ஒலியளவையும் முதலில் சமன் செய்ய வேண்டும்.
- ஹெட்ஃபோன், கைபேசி, மகிழுந்து என வெவ்வேறு இடங்களில் கேட்பது அறையின் பிழைகளை வெளிக்காட்டும்.
- நீண்ட நேரம் கேட்ட செவி சோர்வடைந்து உயர் அதிர்வெண்களைக் கூட்டத் தூண்டும். ஒரு நாள் இடைவெளிக்குப் பின் மீண்டும் கேட்டு முடிவு செய்வது பலரின் வழக்கம்.

கலைச்சொற்கள்

- ஒலிக்கலவை – மிக்சிங்
- தடம் – டிராக்
- ஒலிவாங்கி – மைக்ரோஃபோன்
- அலைக் கட்டம் – ஃபேஸ்
- நிலையலை – ஸ்டாண்டிங் வேவ்
- ஒத்ததிர்வு – ரெசனன்ஸ்
- திரிபு – டிஸ்டார்ஷன்
- மேற்சுரம் – ஓவர்டோன்
- ஒலியுரப்பு – லவுட்னஸ்

இவற்றையும் பார்க்க

- புளூஸ்
- ராக் இசை
- மின் கிட்டார்
- ஒலிப்பதிவு
- ஆடாசிட்டி